பெயர்போன ஊர்

ஆகஸ்ட் மாதக் கடைசி. பிரான்சின் மேற்கு ஓரத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி பகுதி. இரண்டு பக்கமும் சோளக்கொல்லை, நடுவே ஒரு ஒடுங்கிய தார்ச்சாலை. அந்தச் சாலையை இன்னொரு சாலை குறுக்கே வெட்டும் இடத்தில், பளிச்சென்ற மஞ்சள் மேற்சட்டை போட்ட ஒருவர் காலையிலிருந்து நிற்கிறார். கையில் கைப்பிடி வைத்த ஒரு வட்டத் தட்டு. அதன் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை.

முதலில் சிவப்புக் கொடி கட்டிய கார் வருகிறது. பந்தயம் நெருங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். தட்டின் சிவப்புப் பக்கம் மேலே எழுகிறது. பிறகு மோட்டார் சைக்கிள்கள். அப்புறம் தேனீக்கூட்டம் கலைந்தது போல ஒரு இரைச்சல். நூறுக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் ஒரே உடம்பாகப் பறந்து போகின்றன. அரை நிமிடம்கூட ஆகாது. அவற்றின் பின்னால் உதிரிச் சக்கரங்களைக் கூரையில் சுமந்த கார்கள். கடைசியாகப் பச்சைக் கொடி கட்டிய கார் கடந்ததும் தட்டு பச்சைப் பக்கத்துக்குத் திரும்புகிறது. சாலை மறுபடி ஊர்க்காரர்களுடையது.

பல மணி நேரக் காவலுக்கு அரை நிமிடக் காட்சி. இப்படி நூற்றுக்கணக்கானவர்கள் மூலை முடுக்கெல்லாம் நிற்பதால்தான், ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஒரு ஊரின் பெயர் சைக்கிள் உலகம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. அந்த ஊர், ப்ளுவே.

கோயில் மணியும் சைக்கிள் மணியும்

லோரியாங் துறைமுக நகரத்திலிருந்து வடக்கே சுமார் இருபது கிலோமீட்டர் உள்ளே போனால் ப்ளுவே. மோர்பியாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. நடுவில் ஒரு தேவாலயம், சுற்றிக் கருங்கல் வீடுகள், அதைத் தாண்டினால் பால் பண்ணைகள், சிறு காடுகள். பிரிட்டனியில் 'ப்ளூ' என்று ஆரம்பிக்கும் ஊர்கள் ஏராளம். பிரெட்டன் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒரு தேவாலயத்தைச் சுற்றி அமைந்த பங்கு என்று பொருள்.

பிரெட்டன் என்பது பிரெஞ்சு மொழியின் கிளை அல்ல. இங்கிலாந்துக்கு மேற்கே உள்ள வேல்ஸ் மக்களின் மொழிக்கு அது நெருங்கிய உறவு. சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த மொழி. 'சின்ன பிரிட்டன்' என்ற பொருளில்தான் இந்தப் பகுதிக்கும் பெயர் வந்தது.

இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புனிதர் உண்டு. அவருக்கு ஒரு திருநாள் உண்டு. 'பார்தோன்' என்று சொல்வார்கள். மன்னிப்பு வேண்டும் நாள். காலையில் கொடிகளும் சொரூபமுமாக ஊர்வலம், பூசை. மதியம் விருந்து. சாயங்காலம் இசையும் நடனமும். சைக்கிள் பரவிய காலத்திலிருந்து இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: தேவாலயத்தைச் சுற்றி, வயல்களைச் சுற்றி ஒரு சைக்கிள் பந்தயம். பண்ணை வேலை செய்யும் பையன் வாரம் முழுக்க மாட்டையும் மண்ணையும் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஒரு பரிசுத் தொகையை ஜெயித்தால் வீட்டில் அதற்கு மதிப்பே வேறு.

இந்த மண்ணில் பெரிய மலைகள் கிடையாது. பிரிட்டனியின் மிக உயரமான இடமே 400 மீட்டரைத் தொடாது. ஆனால் சமவெளியும் கிடையாது. ஏறு, இறங்கு, மறுபடி ஏறு என்று ஓயாத மேடு பள்ளம். கூடவே கடற்காற்று, சொல்லாமல் வரும் மழை. மற்ற இடங்களில் சைக்கிள்காரர்கள் பயிற்சிக்காகத் தேடிப்போகும் கஷ்டமெல்லாம் இங்கே வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

அதன் விளைச்சலும் சின்னதல்ல. சேன்-மேயான்-ல-கிரான் என்ற சிற்றூரின் ரொட்டிக்கடை மகன் லூயிசோன் போபே, 1953, 1954, 1955 என்று தொடர்ந்து மூன்று முறை டூர் டி பிரான்ஸ் வென்றார். மோர்பியாங் மாவட்டத்தில் வளர்ந்த ஷான் ரோபிக், போருக்குப் பின் நடந்த முதல் டூரை 1947-ல் வென்றார். இஃபினியாக் என்ற ஊரில் பிறந்த பெர்னார் இனோ ஐந்து முறை. அவருடைய ஐந்தாவது வெற்றி 1985-ல். அதற்குப் பிறகு இன்றுவரை ஆண்களுக்கான டூரை வேறு எந்தப் பிரெஞ்சுக்காரரும் வெல்லவில்லை.

1931-ல் ஒரு விழாக் குழு

ப்ளுவே பந்தயமும் இந்த வழக்கத்தில் பிறந்ததுதான். 1931-ல் ஊர் விழாக் குழு ஒரு பந்தயத்தைத் தொடங்கியது. பிரான்சில் பெரும்பாலான ஊர்களில் இப்படி ஒரு குழு இருக்கும். மேசை நாற்காலி போடுவது, இசைக்குழுவை அழைப்பது, வசூல் செய்வது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளம் இல்லாத உத்தியோகம். முதல் ஆண்டு ஜெயித்தவர் பிரான்சுவா ஃபாவே.

அதன் பிறகு உலகப்போர் வந்தது. ஜெர்மானியர்கள் பக்கத்திலிருந்த லோரியாங்கில் நீர்மூழ்கிக் கப்பல் தளம் கட்டினார்கள். 1943-ன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்கள் அந்த நகரத்தைக் குண்டுவீசித் தரைமட்டமாக்கின. தளம் மட்டும் தப்பித்தது; வீடுகள் தப்பவில்லை. பிரான்சின் பெரும்பகுதி விடுதலை அடைந்த பிறகும் லோரியாங்கைச் சுற்றி ஜெர்மன் படை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் சரணடைந்தது 1945 மே 10-ந் தேதி. ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு நாள் கழித்து.

போரில் நின்றுபோயிருந்த ப்ளுவே பந்தயம் அதே 1945-ல் மறுபடி நடந்தது. எலுவா தஸ்ஸேன் வென்றார். பக்கத்து நகரம் இடிபாடாகக் கிடந்தபோது இந்த ஊர் ஏன் சைக்கிள் பந்தயத்துக்கு அவசரப்பட்டது என்று கேட்கத் தோன்றலாம். துக்கம் நடந்த வீட்டிலும் ஒரு நாள் அடுப்பு மூட்டித்தானே ஆக வேண்டும்? திருவிழா நடந்தால்தான் ஊர் ஊராக இருக்கும்.

வெரோனா, ப்ளுவே, லிஸ்பன்

சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன்ஷிப் என்பது ஆண்டுக்கு ஒரு முறை, ஆண்டுக்கு ஒரு இடத்தில் நடக்கும். வீரர்கள் தங்கள் கம்பெனி அணிகளின் சட்டையைக் கழற்றிவிட்டு, நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஜெயித்தவர் வானவில் நிறப் பட்டைகள் போட்ட சட்டையை ஓராண்டு அணியலாம்.

1999-ல் அது நடந்தது இத்தாலியில். முக்கியப் பந்தயங்களுக்குக் களம் வெரோனா. 2001-ல் போர்ச்சுக்கல் தலைநகர் லிஸ்பன். நடுவே 2000-ல்? ப்ளுவே! உலக வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஊர், இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே தன் பெயரை எழுதிக்கொண்டது.

அந்த அக்டோபரில் ஆண்கள் பந்தயத்துக்கு மொத்த தூரம் 268.9 கிலோமீட்டர். சுமார் 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதையை 19 முறை சுற்ற வேண்டும். கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் ப்ளுவே பாதையின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

சைக்கிள் பந்தயத்தில் மலையேறுவதில் கெட்டிக்காரர்கள் ஒரு ரகம். சமதளத்தில் கடைசி இருநூறு மீட்டரில் மின்னலாகப் பாய்பவர்கள் இன்னொரு ரகம். உயரமான மலை இருந்தால் முதல் ரகத்துக்குக் கொண்டாட்டம். மேடே இல்லாவிட்டால் இரண்டாவது ரகத்துக்கு. ப்ளுவே யாருக்கும் முழுசாகச் சலுகை காட்டாது. லெஸோ என்று ஒரு மேடு, டீ மாரெக் என்று ஒரு மேடு. தனியாக ஒரு முறை ஏறினால் எதுவும் தெரியாது. பத்தாவது சுற்றில் தொடை கனக்கும். பதினைந்தாவது சுற்றில் சிலர் பின்தங்குவார்கள். டீ மாரெக் முடிவுக் கோட்டுக்குச் சில கிலோமீட்டர் முன்னால்தான் வருகிறது. தைரியசாலி அங்கே பாய்ந்து தனியாகப் போய்விடலாம். ஆனால் தனியாகப் போகிறவர் காற்றைத் தானே கிழிக்க வேண்டும். கூட்டத்தில் இருப்பவர்களோ முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி, மாற்றி மாற்றி உழைத்து, சக்தியை மிச்சம் பிடிப்பார்கள். ஓடுகிறவர் ஜெயிப்பாரா, துரத்துகிறவர்கள் பிடிப்பார்களா என்பது கடைசி நிமிடம்வரை தெரியாது.

2000-ல் துரத்தியவர்கள்தான் ஜெயித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டிய பிறகு ஒரு சிறு கூட்டம் சேர்ந்தே கடைசி நேர்ச்சாலைக்கு வந்தது. அதில் முந்தியவர் ரோமான்ஸ் வைன்ஸ்டெய்ன்ஸ். லாட்வியாக்காரர். சோவியத்திலிருந்து விடுபட்டு ஒன்பதே ஆண்டு ஆகியிருந்த சின்ன நாடு, ஒரு சின்ன ஊரில் உலக சாம்பியன் ஆனது. இரண்டாவது போலந்தின் ஸ்ப்ரூக். மூன்றாவது, முந்தின ஆண்டு சாம்பியனான ஸ்பெயின் வீரர் ஆஸ்கர் ஃப்ரெய்ரே. பெண்கள் பந்தயத்தை பெலாரஸ் நாட்டின் ஸினைடா ஸ்டாகுர்ஸ்கயா வென்றார்.

பதினேழு வயசுப் பெண்ணும் இருபத்தோரு வயசுப் பையனும்

அதே வாரம் அதே பாதையில் ஜூனியர் பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றது பதினேழு வயசு நிக்கோல் குக். வேல்ஸைச் சேர்ந்த பெண். மூன்று ஆண்டு கழித்து ப்ளுவேக்குத் திரும்பி வந்து, பெரியவர்களுக்கான பந்தயத்தையும் வென்றார். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம், அதே ஆண்டில் உலக சாம்பியன் பட்டம். அவர் முதலில் வானவில் சட்டை போட்டது ப்ளுவேயில்தான்.

2006-ல் ஆண்கள் பந்தயத்தை வென்றவருக்கு வயசு 21. இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்த வின்சென்ஸோ நிபாலி. அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி அது. பிறகு ஸ்பெயின் சுற்று, இரண்டு முறை இத்தாலி சுற்று, 2014-ல் டூர் டி பிரான்ஸ் என்று எல்லாவற்றையும் எடுத்தார்.

வருங்காலத்தை முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி கிடைத்திருக்கிறது. அதுவும் தங்கள் வீட்டு வேலியில் சாய்ந்துகொண்டே.

பந்தய வாரக் கடைசி என்றால் ஊருக்கு அது நான்கு நாள் விழா. சாதாரண ஜனங்கள் தங்கள் சைக்கிளில் ஓட்டும் நிகழ்ச்சி, அமெச்சூர் பந்தயம், வழக்கமாகச் சனிக்கிழமை பெண்கள் பந்தயம், ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பந்தயம். சாலையோரமெல்லாம் பிரெட்டன் கொடி பறக்கும். கறுப்பும் வெள்ளையுமாக ஒன்பது பட்டைகள் கொண்ட கொடி. கூடாரங்களில் ஆப்பிள் மதுவும் மெல்லிசான தோசை மாதிரியான கிரெப்பும்.

பெயர் எங்கே போனது?

ஆனால் இன்றைக்கு ஐரோப்பியப் பந்தய அட்டவணையை எடுத்து 'ப்ளுவே கிராண்ட் ப்ரீ' என்று தேடினால் கிடைக்காது.

சாலைப் பந்தயம் நடத்துவது செலவு பிடித்த வேலை. நுழைவுச்சீட்டு விற்று அந்தப் பணத்தை எடுக்க முடியாது. இருநூறு கிலோமீட்டர் சாலைக்கு யார் வேலி போடுவது? அதனால் சைக்கிள் பந்தயங்கள் ஆரம்பத்திலிருந்தே பத்திரிகைகளையும் கம்பெனிகளையும் நம்பி வளர்ந்தன. டூர் டி பிரான்ஸே 1903-ல் ஒரு செய்தித்தாள் தன் விற்பனையைக் கூட்டுவதற்காக ஆரம்பித்ததுதான். ப்ளுவேயில், பிரான்சிலேயே அதிகம் விற்கும் நாளிதழான உவெஸ்ட்-பிரான்ஸ் கைகொடுத்தது. பந்தயத்தின் பெயரில் அந்த நாளிதழின் பெயர் ஏறியது. பக்கத்தில் ப்ளுவேயும் ஒட்டிக்கொண்டிருந்தது.

2005-ல் உலகின் மிகப் பெரிய பந்தயங்களை ஒரே வரிசையில் கோர்த்தபோது ப்ளுவேயும் அதில் சேர்க்கப்பட்டது. பெருமைதான். ஆனால் பெரிய பந்தியில் உட்கார்ந்தால் பெரிய மொய்யும் எழுத வேண்டும். சின்னச் சுற்றிலேயே திரும்பத் திரும்ப ஓடும் பந்தயம் தொலைக்காட்சிக்குப் போதவில்லை. 2016-ல் பாதை மாறியது. முதலில் பிரிட்டனியின் கிராமங்கள் வழியாக ஒரு நெடிய சுற்று. கடைசியில் ப்ளுவேயின் பழைய மேடுகள். பெயரும் மாறியது. புதிய பெயர் 'பிரெத்தாஞ் கிளாசிக் - உவெஸ்ட்-பிரான்ஸ்'. அதாவது பிரிட்டனியின் பந்தயம். ப்ளுவே என்ற சொல் தலைப்பிலிருந்து விடுபட்டது.

பெண்கள் பந்தயத்தில் அந்தப் பெயர் இன்னும் கொஞ்ச காலம் தங்கியது. 2002-ல் உலகக் கோப்பை வரிசையில் இடம் பிடித்து, நெதர்லாந்தின் மரியானே வோஸ் போன்றவர்கள் திரும்பத் திரும்ப வென்ற பந்தயம் அது. 2021-ல் அதுவும் 'கிளாசிக் லோரியாங் அக்ளோமெராசியோன்' ஆனது. லோரியாங்கும் சுற்றியுள்ள ஊர்களுமாக 25 உள்ளாட்சிகள் சேர்ந்த கூட்டமைப்பின் பெயர் அது. ப்ளுவேயும் அதில் ஒன்று. கூட்டுக் குடும்பத்தில் கடைக்குட்டியின் பெயர் அழைப்பிதழில் வராமல் போவது மாதிரி.

இது நஷ்டமா, லாபமா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தாத்தா காலத்தில் ஊர்க்காரர்கள் வசூல் செய்து தொடங்கியதை வேறு பெயரில் கூப்பிடுவது உறுத்தத்தான் செய்யும். பெயரைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் இவ்வளவு பெரிய பந்தயத்தைச் சின்ன ஊர் தூக்கிச் சுமந்திருக்குமா என்பதும் கேள்விதான். சிறிய ஊர்களில் பிறந்து, செலவு தாங்காமல் நின்றுபோன சைக்கிள் பந்தயங்கள் பிரான்சில் நிறைய உண்டு.

இதே பிரிட்டனியின் வடமேற்கு முனையில் லான்னிலி என்று இன்னொரு சிற்றூர். அங்கே 1984-ல் தொடங்கிய 'த்ரோ-ப்ரோ லெயோன்' பந்தயத்தின் நோக்கமே, பிரெட்டன் மொழியில் பாடம் நடத்தும் திவான் பள்ளிகளுக்குப் பணம் சேர்ப்பது. வயல்களுக்கு நடுவே மண்ணும் ஜல்லியுமான பாதைகளில் ஓட்டுவார்கள். பந்தயத்தில் முன்னால் வரும் பிரெட்டன் வீரருக்கு ஒரு பன்றிக்குட்டியைப் பரிசாகக் கொடுப்பார்கள். உயிருள்ள குட்டி! மேடையில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்துக்கே தனி மவுசு. இந்த மண்ணில் சைக்கிள் பந்தயம் பொழுதுபோக்கு மட்டுமல்ல. மொழி, பள்ளிக்கூடம், ஊர்க் கௌரவம் எல்லாம் அதன் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அவசரத்துக்கு உதவிய ஊர்

பெயர் போன பிறகு ப்ளுவேயின் மதிப்பு என்ன ஆனது? 2020-ல் அதற்கு விடை கிடைத்தது.

கொரோனா ஆண்டு. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இத்தாலியின் திரெந்தினோ பகுதியில் நடப்பதாக இருந்தது. முடியாமல் போனது. விளையாட்டு அரங்கங்கள் பூட்டிக் கிடந்த நேரம். சில வாரங்களே இருக்கும்போது வேறு இடம் வேண்டும். சாலைகளை மூடத் தெரிந்த, சந்திப்புகளில் ஆள் நிறுத்தத் தெரிந்த, கேட்ட உடனே சரி என்று சொல்லக்கூடிய ஊர் எது?

ப்ளுவேதான். ஆகஸ்ட் 24 முதல் 28 வரை ஐரோப்பாவின் சாம்பியன்களை அந்த ஊர் தேர்ந்தெடுத்தது. ஆண்களில் இத்தாலியின் ஜாகொமோ நிட்ஸோலோ, பெண்களில் நெதர்லாந்தின் அனெமிக் வான் ஃப்ளூட்டன். அதே வாரத்துக்கு நடுவில், தங்கள் வழக்கமான ஆண்கள், பெண்கள் பந்தயங்களையும் விட்டுவிடாமல் நடத்திமுடித்தார்கள். கல்யாண வீட்டில் இன்னொரு கல்யாணத்தையும் சேர்த்து நடத்தியது மாதிரி.

பெருநகரம் ஒன்றால் இவ்வளவு சீக்கிரத்தில் முடிந்திருக்குமா? பணத்துக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் எந்த வளைவில் மழை பெய்தால் வழுக்கும், எந்தப் பண்ணைக்காரர் எத்தனை மணிக்கு டிராக்டரை வெளியே எடுப்பார், தடுப்புக் கம்பிகள் எந்தக் கொட்டகையில் இருக்கின்றன என்பதெல்லாம் ஊரில் வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். தலைமுறை தலைமுறையாக ஆகஸ்ட் கடைசியில் கைபழகிய வேலை அது.

பிரான்சில் சந்திப்புக் காவலுக்கு நிற்பவருக்கு இரண்டு தகுதி கட்டாயம்: வயது வந்தவராக இருக்க வேண்டும், வாகன ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது தகுதியை எந்தச் சட்டமும் எழுதவில்லை. அரை நிமிடக் காட்சிக்காக அரை நாள் நிற்கும் பொறுமை. அது இருக்கிறவர்கள் கிடைக்காமல் போனால், எத்தனை கம்பெனிகள் பெயர் கொடுத்தாலும் பந்தயம் அன்றோடு நின்றுவிடும். கிராமத்துப் பந்தயங்களுக்கு இன்று உண்மையான பயமே அதுதான். வயதானவர்கள் தட்டைக் கீழே வைக்கும்போது எடுத்துக்கொள்ள இளையவர்கள் வர வேண்டும்.

இதுவரை வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2022-ல் பெல்ஜியத்தின் வௌட் வான் ஆர்ட், 2023-ல் பிரிட்டனி மண்ணின் மைந்தன் வாலென்தேன் மதுவாஸ், 2025-ல் பெல்ஜியத்தின் ஆர்னோ த லி என்று கோப்பையில் புதுப் பெயர்கள் சேர்கின்றன. பந்தயம் முடியும் கோடு மட்டும் ப்ளுவேயில்தான் இருக்கிறது.

தமிழில் 'பெயர்போன' என்றால் புகழ்பெற்ற என்று அர்த்தம். இந்த ஊருக்கு அந்தச் சொல் இரண்டு விதத்திலும் பொருந்தும். தலைப்பிலிருந்து பெயர் போய்விட்டது. ஆனாலும் ஆகஸ்ட் கடைசியில் சைக்கிளைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்பும் ரசிகரை நிறுத்தி, எங்கே பயணம் என்று கேட்டால், 'பிரெத்தாஞ் கிளாசிக்குக்கு' என்று சொல்வதைவிட 'ப்ளுவேக்கு' என்று சொல்வதுதான் அவர் வாய்க்குச் சுலபம்.